குற்றம் கண்ணிலா, திரையிலா?

"சார், அடுத்த வருஷத்திலிருந்து சங்கக் கணக்கை வேறு யாரிடமாவது கொடுத்துடுங்கோ. கண் சுத்தமா போயிடுத்து."

18 ஆண்டுகளாகக் கணக்கு எழுதும் நம் பொருளாளர் இப்படிச் சொன்னதும் திடுக்கிட்டேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மகன் வாங்கித் தந்த புதிய 27 அங்குல 4கே திரை. நிறைய விஷயம் ஒரே பார்வையில் தெரியட்டும் என்று பேரன் எழுத்தளவை 100 சதவீதத்தில் வைத்திருந்தான். எறும்பு ஊர்வது போல எழுத்துகள். எனக்கும் படிக்க முடியவில்லை!

காரணத்தை எனக்குத் தெரிந்த ரயில் பாதையை வைத்தே சொல்கிறேன். கிலோமீட்டருக்கு 1540 ஸ்லீப்பர் போட்ட பாதையில் 100 ஸ்லீப்பர் எண்ணினால் சுமார் 65 மீட்டர். 1660 போட்ட பாதையில் அதே 100 ஸ்லீப்பர் 60 மீட்டர்தான். எண்ணிக்கை ஒன்று, நீளம் வேறு.

திரையிலும் இதே கதைதான். அங்குலத்துக்கு 96 பிக்சல் என்பது விண்டோஸின் அடிப்படைக் கணக்கு. அதன்படி 12 பாயிண்ட் எழுத்துக்கு 16 பிக்சல். 24 அங்குல ஃபுல் ஹெச்டி திரையில் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல் இருப்பதால், எழுத்துக்கு 4.4 மில்லிமீட்டர் கிடைத்தது. 27 அங்குல 4கே திரையிலோ 163 பிக்சல். எழுத்து 2.5 மில்லிமீட்டராகச் சுருங்கிவிட்டது.

பலர் உடனே ரெசல்யூஷனைக் குறைப்பார்கள். எழுத்து பெரிதாகும், ஆனால் மசமசக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போய் 'ஸ்கேல்' என்பதை 150 ஆக்குவதே சரி. ஆக்கினோம். பெரியவர் முகம் மலர்ந்தது.

ஆனால் பாதை போட்டவுடன் பயணி வண்டியை விடுவதில்லையே! ஒவ்வொரு புரோகிராமையும் திறந்து 125, 150, 200 என்று வைத்துச் சோதித்தோம். நீங்களும் இவற்றைப் பாருங்கள்:

1. 'ர்' மேலுள்ள புள்ளி, 'கீ'யின் சுழி, 'மூ'வின் வால் முழுதாகத் தெரிகின்றனவா? ஆங்கிலத்துக்கு அளந்த வரியில் தமிழ் வெட்டுப்படும்.

2. பொத்தானிலும் கட்டத்திலும் எழுத்து அடங்குகிறதா?

3. எழுத்து மங்கலாக இருக்கிறதா? பழைய புரோகிராம்களை விண்டோஸ் படம் போல இழுத்துப் பெரிதாக்குவதால் வருவது இது.

4. இரண்டு திரை இருந்தால், ஒன்றிலிருந்து மற்றதற்கு நகர்த்தும்போது அளவு சரியாக மாறுகிறதா?

இரண்டாவது சோதனையில்தான் தூக்கிவாரிப் போட்டது. பழைய கணக்கு புரோகிராமில் சந்தாக் கட்டத்தின் கடைசிச் சைபர் மறைந்து, 1500 ரூபாய் 150 ஆகத் தெரிந்தது! பார்க்காமல் விட்டிருந்தால் 18 வருஷ நற்பெயர் என்னாகியிருக்கும்?

அந்தப் புரோகிராமின் ப்ராபர்டீஸில் கம்பாட்டிபிலிட்டி, அதற்குள் 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்'. அங்கே ஓவர்ரைடு என்பதை டிக் செய்து 'சிஸ்டம்' என்று வைத்தோம். எழுத்து சற்று மங்கியது. ஆனால் சைபர் திரும்பி வந்தது. மங்கல் உறுத்தினால் 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' வைத்துப் பார்க்கலாம். அதன் பிறகும் கட்டங்களை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பொருளாளர் கண் டாக்டரிடமும் காட்டிவிட்டு வந்தார். பவர் மாறவில்லையாம். கணக்கு அவரிடமே இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர் "எனக்கு இனிமேல் கம்ப்யூட்டர் வேண்டாம்" என்று ஒதுங்கினால், கண்ணைச் சோதிக்கும்போது திரையையும் சோதித்துவிடுங்கள்.