பீரோ நிறைய துணி இருந்தும் போட எதுவுமே இல்லையா? உங்கள் ஸ்டைலைக் காட்டிக்கொடுக்கும் ஏற்காடு பை!

வெள்ளிக்கிழமை ராத்திரி. "நாளைக்கு காலையில ஏற்காடு கிளம்புறோம்" என்று நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் விழுகிறது. ரூம் எங்கே, வண்டி யாருடையது என்பதெல்லாம் அப்புறம். முதலில் வரும் கேள்வி, "என்ன டிரெஸ் எடுத்துக்கிறது?"

பீரோவைத் திறந்தால் துணி சரிந்து விழும். ஆனாலும் வாயில் வருவது, "போட்டுக்க ஒண்ணுமே இல்ல!" அவசரமாக ஆப்பில் ஆர்டர் போட்டு, ரீல்ஸில் பார்த்த அதே டிரெஸ்ஸை வாங்கி, மலையேறி, ஏரிக்கரையில் நின்று போட்டோவும் எடுத்தாயிற்று. சாயங்காலம் லேடீஸ் சீட்டில் காற்று அடிக்கும்போதுதான் உண்மை தெரியும். துணி மெல்லிசு, தோள் இறுக்கம், கையைத் தூக்கினால் மேலே ஏறுகிறது. ஊர் திரும்பியதும் அந்த டிரெஸ் பீரோவின் அடித்தட்டுக்குப் போய்விடும்.

இது பலருக்கும் நடந்த கதை. பணம் போனது ஒரு பக்கம். "எனக்கு டிரெஸ்ஸிங் சென்ஸே இல்ல" என்ற முடிவுக்கு வந்துவிடுவது அதைவிடப் பெரிய நஷ்டம். உண்மையில் எல்லோருக்கும் ஒரு ஸ்டைல் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஏற்காட்டுக்குப் பை கட்டுவதைப் போல நல்ல வழி வேறில்லை. எப்படி? பார்க்கலாம்.

நமக்கு ஏன் தேர்வு செய்யத் தெரியவில்லை?

பள்ளிக்கூட நாட்களை நினைத்துப் பாருங்கள். எல்.கே.ஜி.யில் தொடங்கி பிளஸ் டூ வரை 14 வருடம் யூனிஃபார்ம். 'கலர் டிரெஸ்' போட வாய்ப்பு கிடைப்பது பிறந்தநாள் அன்று மட்டும். அதுவும் கையில் சாக்லேட் டப்பாவோடு. அரசுப் பள்ளிகளில் சத்துணவு சாப்பிடும் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 4 செட் விலையில்லா சீருடையை அரசே தருகிறது. யார் வீட்டில் எவ்வளவு வசதி என்பது வகுப்பறையில் துணியால் தெரிந்துவிடக் கூடாது என்பதில் சீருடைக்குப் பெரிய பங்கு உண்டு. அது நல்ல விஷயம்தான்.

ஆனால் அதன் இன்னொரு பக்கம், 17 வயது வரை தினமும் காலையில் "இன்னைக்கு என்ன போடலாம்?" என்று யோசிக்க வேண்டிய தேவையே நமக்கு வரவில்லை. தீபாவளி டிரெஸ்ஸை அப்பா பட்ஜெட் முடிவு செய்யும், கலரை அம்மா முடிவு செய்வார், "வளர்ற புள்ள, ஒரு சைஸ் பெருசாவே எடு" என்று பாட்டி முடித்து வைப்பார். காலேஜுக்கும் அப்புறம் ஆபீசுக்கும் போகும்போதுதான் திடீரென்று மொத்தப் பொறுப்பும் நம் தலையில் விழுகிறது. பழக்கமே இல்லாத வேலை. அதனால்தான் இன்ஸ்டாகிராம் சொல்வதை அப்படியே வாங்கிவிடுகிறோம்.

ஒரு கம்பளி, மூன்று வேலை

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு போய்ச் சேர்ந்தால் உயரம் சுமார் 1,500 மீட்டர். பொதுவாக ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அதாவது கீழே வியர்வையோடு பஸ் ஏறுபவர் மேலே இறங்கும்போது 7, 8 டிகிரி குறைந்திருக்கும். காலையில் பனிமூட்டம், மதியம் சுள்ளென்று வெயில், சாயங்காலம் குளிர்காற்று, நடுவில் ஒரு மழை. ஒரே நாளில் இத்தனையையும் சமாளிக்க வேண்டும்.

சேர்வராயன் மலையின் பூர்வகுடிகள் இதற்கு என்ன செய்தார்கள்? இங்கு வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. இவர்கள் பேசுவது தமிழ். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909இல் 7 தொகுதிகளாக வெளிவந்த தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் இவர்களின் உடையையும் பதிவு செய்திருக்கிறார். அந்தக் காலத்தில் இந்த மலையின் ஆண்கள் தலைப்பாகை கட்டி, பழுப்பு நிறக் கம்பளி ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். குளிருக்கு அதுதான் கோட். மழைக்கு அதுதான் ரெயின்கோட். மற்ற நேரத்தில் அதுதான் போர்வை.

இதன் பின்னால் அறிவியலும் இருக்கிறது. பருத்தி நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு குளிரைக் கூட்டும். கம்பளி நூலோ, தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டாலும் தொட்டால் நனைந்த மாதிரி தெரியாது. கதகதப்பும் சட்டென்று குறையாது. ஒரே துணி, மூன்று வேலை! இன்று 'மல்டி பர்ப்பஸ்' என்று டேக் போட்டு விற்கிறார்கள்.

புடவைக்கு மேல் சட்டை

இன்னொரு உதாரணம் நம் எல்லோர் கண்ணிலும் பட்டதுதான். காபித் தோட்டமோ, சமவெளியில் வயல்காடோ, நூறு நாள் வேலையோ, உழைக்கப் போகும் பெண்கள் பலர் புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வார்கள். வெயில், முள், பூச்சி எல்லாவற்றுக்கும் அது ஒரு கவசம். கையும் தாராளமாக அசையும்.

அதே தொளதொளப்பான சட்டையை 'ஓவர்சைஸ்டு ஷர்ட்' என்று பெயர் வைத்து, விலையைக் கூட்டி, ஃபேஷன் பக்கங்கள் நமக்கு விற்கின்றன. தோட்டத்தில் வேலை செய்யும் அக்காவை யாரும் ஸ்டைல் ஐகான் என்று சொல்வதில்லை. ஆனால் இடம், வேலை, உடம்பு இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் உடையை அவர் கண்டுபிடித்துவிட்டார். ஸ்டைலின் அடித்தளம் இவ்வளவுதான். அதற்கு மேல் வருவது நம் சொந்தக் கருத்து.

மதுரையில் மாறிய உடை

உடையையே கருத்தாக மாற்றியவர்களில் உலகம் அறிந்தவர் காந்தி. அது நடந்தது தமிழ்நாட்டில். அந்நியத் துணியை விடுங்கள், கதர் உடுத்துங்கள் என்று அவர் ஊர் ஊராகப் பேசிவந்த நேரம். கதர் வாங்க எங்களிடம் காசில்லை என்று ஏழை மக்கள் சொன்னது அவரை உறுத்தியது. 1921 செப்டம்பர் 22, மதுரை. அன்று முதல் இடுப்பில் முழம் துணியோடு வெளியே வந்தார்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. அக்டோபர் 31 வரையாவது இப்படி இருக்கிறேன் என்றுதான் முதலில் அறிவித்தார். உடம்புக்குத் தேவைப்படும்போது மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொள்வேன் என்பதையும் சேர்த்தே சொன்னார். ஒரு மாதப் பரிசோதனையாக ஆரம்பித்தது வாழ்நாள் அடையாளமாகிவிட்டது. 1931இல் லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜைச் சந்திக்கப் போனபோதும் அதே உடை, மேலே ஒரு சால்வை.

நாம் யாரும் காந்தி ஆக வேண்டியதில்லை. எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுதான். காரணம் தெரிந்து தேர்ந்தெடுத்து, கொஞ்ச நாள் போட்டுப் பார்த்து, செட் ஆனதைத் தொடர வேண்டும்.

டிரெஸ் மாறினால் மனசு மாறுமா?

"நல்ல டிரெஸ் போட்டா கான்ஃபிடன்ஸ் தானா வரும்" என்பார்கள். இதை வைத்து 2012இல் ஹாஜோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். டாக்டர் கோட் என்று சொல்லி வெள்ளைக் கோட் கொடுக்கப்பட்டவர்கள், அதே கோட்டை ஓவியரின் கோட் என்று சொல்லிக் கொடுக்கப்பட்டவர்களைவிட கவனமாகச் செயல்பட்டார்கள் என்பது அதன் முடிவு. உலகம் முழுக்க வைரலானது. ஆனால் 2019இல் இன்னொரு குழு அந்தச் சோதனைகளில் ஒன்றை அதிகம் பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது அதே முடிவு வரவில்லை.

எனவே ஒரு பிளேஸர் வாங்கினால் மூளை சுறுசுறுப்பாகிவிடும் என்று நம்பி கார்டைத் தேய்க்க வேண்டாம். இறுக்கமான காலரை நிமிடத்துக்கு ஒரு தடவை இழுத்துவிடும் வேலை இல்லாமல் இருந்தாலே இன்டர்வியூவில் பாதி பதற்றம் குறையும்.

வேட்டிக்காக ஒரு சட்டம்

பிடித்ததைப் போட்டால் மட்டும் போதுமா? சுற்றி இருப்பவர்கள் விட வேண்டுமே! 2014 ஜூலையில், வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி.அரிபரந்தாமன், சேப்பாக்கத்தில் உள்ள கிரிக்கெட் கிளப்புக்குள் அனுமதிக்கப்படவில்லை. நீதிபதிக்கே இந்த நிலையா என்று தமிழகம் கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. வேட்டி உள்ளிட்ட இந்தியப் பாரம்பரிய உடையில் வருபவரை கிளப் போன்ற பொது இடங்களில் தடுக்கக் கூடாது. மீறினால் உரிமம் ரத்து, ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம்.

2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கான உடை விதிகளை அரசு வெளியிட்டபோது ஆண்களுக்கான பட்டியலில் பேன்ட் சட்டையோடு வேட்டியும் இருந்தது. புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு வேட்டி நெய்யப்படுவது ஏற்காடு மலையின் அடிவாரத்தில்தான். ஆபீஸில் ஒரு வெள்ளிக்கிழமை வேட்டி கட்டிப் போக ஆசைப்படுபவருக்குத் துணி பக்கத்திலேயே கிடைக்கிறது. தடையாக இருப்பது 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்ற பயம்தான். பெண்களுக்கு அந்த நாலு பேர் நாற்பது பேராக இருப்பார்கள் என்பதும் உண்மை. அதற்குச் சட்டம் கிடையாது; வீட்டில் பேசிப் பேசித்தான் மாற்ற வேண்டும்.

இரண்டு நாள் பை: நீங்களே செய்து பாருங்கள்

இனி விஷயத்துக்கு வருவோம். ஏற்காடு போகிறீர்களோ இல்லையோ, இரண்டு நாள் பயணத்துக்குப் பை கட்டுங்கள். நிபந்தனை இரண்டு. புதிதாக எதையும் வாங்கக் கூடாது. தோளில் மாட்டும் ஒரே பையில் எல்லாம் அடங்க வேண்டும்.

1. கை எதைத் தேடுகிறது? யோசிக்காமல் முதலில் எடுத்த 5 துணிகளைக் கட்டிலில் பரப்புங்கள். கலர், துணி ரகம், ஃபிட் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தில் மூன்று காட்டன் குர்தியாக இருந்தால் அதுதான் நீங்கள்.

2. எதை விட்டுவிட்டீர்கள்? விலை அதிகம் கொடுத்து வாங்கியும் பையில் இடம் கிடைக்காத துணி எது? குத்துகிறதா, இறுக்குகிறதா, அயர்ன் பண்ண நேரமில்லையா? காரணத்தை எழுதுங்கள். அடுத்த ஷாப்பிங்கில் அந்தக் காரணம் உங்கள் பணத்தைக் காப்பாற்றும்.

3. அடுக்கிப் போடுங்கள். உள்ளே மெல்லிய பருத்தி, மேலே சட்டை, குளிர் கூடினால் ஸ்வெட்டர் அல்லது சால்வை. வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொள்ளலாம். ஏசி ஆபீஸுக்கும் இதே கணக்குதான்.

4. ஒரு தடவைக்கு எவ்வளவு? 4,000 ரூபாய் டிரெஸ்ஸை இரண்டு தடவை போட்டால், ஒரு தடவைக்கு 2,000 ரூபாய். 800 ரூபாய் சட்டையை 40 தடவை போட்டால் 20 ரூபாய். எது காஸ்ட்லி?

5. டெய்லரிடம் போங்கள். தோள் சரியாக இருந்து இடுப்பு மட்டும் லூஸ் என்றால் தூக்கிப் போட வேண்டாம், ஆல்டர் பண்ணிக்கொள்ளலாம். சுடிதாரில் பாக்கெட் வேண்டுமா? தைக்கக் கொடுக்கும்போதே சொல்லுங்கள். போன் வைக்கும் அளவுக்கு ஆழமாக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

6. ஒரு மாதம் டைம் கொடுங்கள். பிடித்த ஒரு மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கைத்தறிச் சட்டையோ, மூக்குத்தியோ, அடர் நிறமோ, எதுவாகவும் இருக்கலாம். முதல் வாரம் "என்ன புதுசா?" என்பார்கள். மூன்றாம் வாரம் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். மாதக் கடைசியில் உங்களுக்கே அது புதிதாகத் தெரியவில்லை என்றால், அது உங்களுடையது.

"போட்டதையே போடுறியே" என்று யாராவது கேட்டால் கூச்சப்படத் தேவையில்லை. திரும்பத் திரும்பப் போட்டால்தான் அது ஸ்டைல். ஒரே தடவை போட்டது வெறும் போட்டோ.

அடுத்த முறை மலையேறும்போது பை கொஞ்சம் லேசாக இருக்கும். இருபதாவது வளைவு தாண்டி ஜன்னல் வழியே குளிர்காற்று அடித்ததும், பைக்குள் கை விட்டு எதை எடுத்துப் போர்த்திக்கொள்கிறீர்கள் என்று கவனியுங்கள். உங்கள் ஸ்டைல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.