ஆங்கிலம் பயிலும் சிறாரும் அவர்தம் இல்லமும்

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று கடல் கடந்த நாடுகளிற் குடியேறி வாழ்கின்றனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் அங்குள்ள ஆரம்ப பாடசாலைகளிற் பயில்கின்றனர். வீட்டிலே தாய்மொழியும் வகுப்பிலே ஆங்கிலமும் கேட்டு வளரும் இத்தகைய சிறாரின் பெற்றாரைப் பாடசாலை தன்னோடு சேர்த்துக்கொள்வது எங்ஙனம் என்பது அந்நாடுகளில் நெடுங்காலம் ஆராயப்பட்டு வரும் வினாவாகும். அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் கனடாவிலும் பெறப்பட்ட சில தெளிவுகளை ஈண்டு எடுத்துரைப்பாம்.

1970ஆம் ஆண்டையடுத்த காலத்தில் சன் பிரான்சிஸ்கோ நகரப் பாடசாலைகளிலே ஆங்கிலம் அறியாத சீன மாணவர் 2,800 பேருக்கு மேல் இருந்தனர். அவருள் ஏறத்தாழ 1,800 பேருக்கு மொழியுதவி யாதும் கிடைத்திலது. குடும்பத்தார் வழக்காடினர். எல்லாருக்கும் ஒரே நூலும் ஒரே ஆசிரியரும் ஒரே பாடமும் அளித்தல் மாத்திரம் சமத்துவமாகாது என 1974 சனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளைக்குப் பொருந்தும் இந்நியாயம் பெற்றாருக்கும் பொருந்துமன்றோ? விளங்காத மொழியில் வீட்டுக்கு வரும் கடிதம் வராத கடிதமே.

கூட்டத்துக்கு வாராத பெற்றாரை அக்கறையற்றவர் என்று ஆசிரியர் எண்ணுவதுண்டு. உண்மையோ பெரும்பாலும் வேறு. இராக்கால வேலை ஒரு காரணம். மொழிக் கூச்சம் மற்றொன்று. இவற்றினும் ஆழமானது மரியாதை. ஆசிரியரின் பணியில் தலையிடலாகாது என்பது பல நாட்டு மக்களின் வழக்கம். பிள்ளையைச் சட்டம்பியாரிடம் ஒப்படைத்துவிட்டு வாய்மூடி நின்ற நம் பாட்டன்மாரை நினைப்பார்க்கு இது புதிதன்று. அம் மௌனத்தை மேனாட்டு ஆசிரியர் அலட்சியமெனக் கொள்வராயின் பிழை எவர்பாலது?

இன்னொரு தவறு, பிள்ளையையே மொழிபெயர்ப்பாளனாக்குதல். "உங்கள் மகன் வீட்டுவேலை செய்வதில்லை" என்று ஆசிரியர் முறையிட, அதனைத் தாய்க்கு மொழிபெயர்ப்பவன் அம் மகனே! அவன் எதனைச் சொல்வான் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்க. நகைப்புக்கு அப்பாலும் ஒரு கேடுண்டு: வீட்டிலே மூத்தோரின் நிலை தாழ்ந்து, பிள்ளையின் நிலை பொருந்தா உயரத்தை அடைகின்றது. பாடசாலைகள் இவ்வாறு செய்யலாகாதென அமெரிக்க மத்திய அரசு 2015 சனவரியில் அறிவுரைக் கடிதம் விடுத்தது. 2025இல் அக் கடிதம் மீளப்பெறப்பட்டது. எனினும் அது கூறிய நியாயம் மாறவில்லை.

எல்லாவற்றிலும் பெருங்கேடு விளைத்தது, "வீட்டிலும் ஆங்கிலமே பேசுக" என்ற நல்லெண்ண அறிவுரையாகும். ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜிம் கமின்ஸ் இதனை மறுத்துரைத்தார். குடியேறிய பிள்ளை விளையாட்டிடத்து ஆங்கிலத்தைச் சுமார் 2 ஆண்டிற் பேசப் பழகும். பாடநூலின் ஆங்கிலத்தில் உடன்மாணவருக்கு ஈடாவதற்கோ 5 முதல் 7 ஆண்டுகள் வரை செல்லும் என்றும், தாய்மொழியிற் பெற்ற கருத்தறிவு ஆங்கிலக் கல்விக்குத் துணையாகும் என்றும் அவர் காட்டினார். தட்டித் தடுமாறும் ஆங்கிலத்திற் பேச முயலும் தாய், கதை சொல்வதை விடுகிறாள். காரணம் விளக்குவதையும் விடுகிறாள். எஞ்சுவன "வா", "உண்", "உறங்கு" என்பனவே. பாடசாலை கேட்க வேண்டிய உதவி, அவளிடம் உள்ள மொழியில் அவள் செய்யத்தக்க உதவியாகும்.

இவ்வகையில் அரிசோனா மாநிலத்து ரூசன் நகரில் நிகழ்ந்த முயற்சி குறிப்பிடத்தக்கது. லூயிஸ் மோல் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1992இல் அதனை வெளியிட்டனர். ஆசிரியர்கள் மெக்சிக்கத் தொழிலாளர் வீடுகளுக்குச் சென்றனர். குறை கூறுதற்கன்று, கற்றுக்கொள்ளுதற்கு. பயிர்ச்செய்கை, கட்டடவேலை, மூலிகை வைத்தியம், வணிகம் என அவ்வீடுகளில் அறிவு நிறைந்திருந்தது. ஒரு சிறுவன் மெக்சிக்க இனிப்புப் பண்டம் விற்பதை ஆசிரியை அறிந்தார். அதனையே வகுப்பின் ஆராய்ச்சிப் பொருளாக்கினார். இரு நாட்டு இனிப்புகளின் சேர்மானங்களை மாணவர் ஒப்பிட்டனர். மாணவர் ஒருவரின் தாயார் வகுப்புக்கு வந்து இனிப்புச் செய்து காட்டினார். அன்று அவ்வம்மையாரே ஆசிரியர்.

கனடாவின் மிசிசாகா நகரில், தோண்வூட் ஆரம்ப பாடசாலையின் சிறு வகுப்புப் பிள்ளைகள் இருமொழிக் கதைநூல்கள் எழுதினர். ஆங்கிலப் பகுதியைப் பிள்ளை வகுப்பிலே எழுதும். மற்றைப் பகுதிக்குப் பெற்றார் துணை செய்வர். ஆங்கிலம் அறியாத தாயும் அந்நூலிற் பாதியை வாசித்துப் பிழை திருத்த வல்லவளானாள்.