போலிச் சீட்டுக்கு ஒரு பூட்டு

திருமலையின் 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனச் சீட்டை இடைத்தரகரிடம் வாங்கி ஏமாந்த குடும்பங்கள் உண்டு. நெடுந்தூரம் பயணித்து வரிசையில் நின்ற பின்னரே, அது போலி என்பதைச் சோதனைக் கருவி காட்டிக்கொடுக்கும். தேவஸ்தானத்தின் அதிகாரபூர்வ இணையதளத்திலேயே சீட்டுப் பெறுதல் நலம்.

இத்தகைய காவல் சிற்றாலயங்களுக்கும் எட்டாததன்று. 1994-ல் ஜப்பானில் உருவான க்யூஆர் குறியீட்டைப் பயன்படுத்த உரிமைக் கட்டணம் இல்லை. உபயதாரர் சீட்டு ஒவ்வொன்றிலும் எவரும் ஊகிக்க இயலாத தனி எண்ணைக் குறியீடாக அச்சிட்டு, உரியவர் பெயருடன் கணினியில் பதிந்துவைத்தால் போதும். வாயிலில் ஒரு கைப்பேசியே சரிபார்த்துவிடும். சீட்டை நகலெடுக்கலாம், ஒருமுறை நுழைந்த எண் அன்று மறுமுறை ஏற்கப்படாது. திரையில் தோன்றும் பெயரை அடையாள அட்டையுடன் ஒப்பிட்டால், நகல் முந்தி வந்தாலும் பிடிபடும்.

உபயம் செய்தவருக்குரிய இடம் உற்சவ நாளில் அவருக்கே கிட்டுவதன்றோ முறை!