ஆட்குறைப்புக்குப் பதில் நேரக்குறைப்பு

2009-இல் ஜெர்மனியின் பொருளாதாரம் 5 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. ஏற்றுமதியை நம்பியிருந்த கார், இயந்திரத் தொழிற்சாலைகளுக்கு ஆர்டர்கள் வற்றிப்போயின. இத்தகைய சரிவில் லட்சக்கணக்கானோர் வீதிக்கு வருவதுதான் வழக்கம். அங்கோ வேலையில்லாதோர் விகிதம் மிகச் சொற்பமாகவே கூடியது. ஓவர்டைம் நேரத்தைச் சேர்த்துவைத்து மந்த காலத்தில் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு உட்பட இதற்குப் பல காரணங்கள் உண்டு. முதன்மையான ஒன்று ‘குர்ட்ஸ்ஆர்பைட்’ என்னும் குறைநேர வேலைத் திட்டம். அந்த ஆண்டு மே மாதத்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதன் நிழலில் இருந்தார்கள்.

கையில் 2,000 யூரோ சம்பளம் வாங்கும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். வேலை நேரம் பாதியாகிவிட்டால் நிறுவனம் தருவது ஏறக்குறைய 1,000 யூரோ. இழந்த 1,000-இல் 60 சதவீதத்தை வேலைவாய்ப்பு முகமை ஈடுகட்டுகிறது. பிள்ளைகள் இருந்தால் 67 சதவீதம். ஆக, பாதி வேலைக்கு 1,600 யூரோவாவது வீட்டுக்கு வந்துவிடும். அதே ஆளை நிறுவனம் வெளியேற்றியிருந்தால்? வேலையில்லாதோருக்கான உதவித்தொகையும் அதே 60, 67 சதவீதம்தான். தொழிலாளியும் முதலாளியும் சரிபாதியாகச் சந்தா கட்டும் அதே காப்பீட்டு நிதியிலிருந்துதான். எப்படியும் செலவாகப்போகிற பணத்தை, வேலை போன பிறகு கொடுப்பதைவிட வேலையைக் காப்பாற்றக் கொடுப்பதே அறிவுடைமை. பல ஆண்டுகள் பழகிய கைத்திறனும் ஆலையை விட்டுப் போகாது. ஆர்டர் திரும்பிய மறுநாளே இயந்திரம் ஓடும்.

நலிந்து சாகவேண்டிய நிறுவனங்களுக்கு இது வீணாக உயிரூட்டுகிறது என்பார்கள். புறந்தள்ள முடியாத வாதம்தான். ஆனால் அதற்கான கடிவாளம் திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. வழக்கமான விதிப்படி, வேலை செய்யாத நேரத்துக்கும் சமூகக் காப்பீட்டுச் சந்தாவை நிறுவனமே கட்டவேண்டும். காலவரம்பும் 12 மாதம். மீண்டுவிடுவோம் என்ற நம்பிக்கை இல்லாத முதலாளி அந்தச் சுமையை நெடுநாள் சுமக்கமாட்டார். 2020-இல் கொரோனாவின்போது அந்தச் சந்தாவையும் அரசுத் தரப்பே ஏற்றது, காலவரம்பும் நீண்டது. ஏப்ரலில் ஏறக்குறைய 60 லட்சம் பேர் திட்டத்துக்குள் வந்தார்கள். ஊரே அடைந்துகிடந்தபோது அது நியாயம். கடைகள் திறந்த பிறகும் கடிவாளத்தை நெடுநாள் தளர்த்தியே வைத்திருந்தது சரியல்ல என்பதே என் கருத்து.

இதைவிடப் பெரிய குறை வேறொன்று. உணவகங்களிலும் கடைகளிலும் ‘மினி ஜாப்’ என்ற பெயரில் சொற்பச் சம்பளத்துக்கு உழைப்பவர்கள் வேலையின்மைக் காப்பீட்டுக்குச் சந்தா கட்டுவதில்லை. அதனால் குறைநேர ஈட்டுத்தொகையும் அவர்களுக்குக் கிடையாது. நெருக்கடி வந்தால் முதலில் வேலை இழப்பவர்களும் அவர்களே. இத்திட்டத்தைப் பின்பற்ற நினைக்கும் எந்த அரசும், முதலில் இவர்களைக் காப்பீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.