உங்களுக்குத் தெரியுமா? - கடல் கடந்த வீடுகளில் கைப்பேசி

★ குடியேறிய குடும்பங்களில் பத்து வயதுப் பிள்ளைதான் பல நேரம் வீட்டின் மொழிபெயர்ப்பாளர். லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களை ஆராய்ந்த விக்கி கட்ஸ், 'கிட்ஸ் இன் த மிடில்' (2014) என்ற நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். தபாலில் வந்த கடிதம், மருத்துவமனைப் படிவம், இணையத்தில் தேட வேண்டிய விவரம் எல்லாம் அந்தப் பிள்ளையிடம்தான் வரும். டாக்டர் சொல்வதை அம்மாவுக்கும், அம்மா கேட்பதை டாக்டருக்கும் அதுவே சொல்ல வேண்டும். 'எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறது' என்று திட்டும் முன், அந்தப் போனில் வீட்டுக்காக எவ்வளவு வேலை நடக்கிறது என்று பாருங்கள். இரண்டு மொழிக்கும் இரண்டு உலகத்துக்கும் நடுவே நிற்கப் பழகும் பிள்ளைக்கு, தான் யார் என்ற எண்ணமும் அங்கேதான் முளைக்கிறது.

★ 2018-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், சீன வம்சாவளிப் பள்ளி மாணவர்கள் சிலர் 'சட்டில் ஏஷியன் ட்ரெய்ட்ஸ்' என்ற ஃபேஸ்புக் குழுவைத் தொடங்கினார்கள். அம்மாவின் அதட்டல், மார்க் குறைந்தால் வாங்கும் திட்டு, பபிள் டீ என்று எல்லாம் வீட்டுக் கதைதான். சில மாதங்களிலேயே உறுப்பினர்கள் 10 லட்சத்தைத் தாண்டினார்கள். தன் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று கூச்சப்பட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல்.

★ பிரிட்டனில் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் தாய்மார்களையும், ஊரில் விட்டுவந்த அவர்களின் பிள்ளைகளையும் மிர்கா மடியானு, டேனியல் மில்லர் இருவரும் ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 2012-இல் நூலாக வந்தது. ஒரு காலத்தில் கடிதமும், குரலைப் பதிந்து அனுப்பிய கேசட்டும்தான் அந்தக் குடும்பங்களுக்குத் துணை. பிறகு குறுஞ்செய்தி, மின்னஞ்சல், வெப்கேம் என வழிகள் பெருகின. கோபத்தைக் குறுஞ்செய்தியில் சொல்வதா, முகம் பார்த்துச் சொல்வதா என்று தேர்ந்தெடுப்பதே உறவின் ஒரு பகுதியாகிவிட்டது என்கிறார்கள் இருவரும். அவர்கள் கண்ட இன்னொரு விஷயம் மனத்தைத் தைக்கிறது. மறுபடியும் தாயாக இருக்க முடிகிறது என்று அம்மாக்கள் மகிழ்ந்தார்கள். பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த நிறைவு இல்லை. சின்ன வயதில் பிரிந்த பிள்ளைக்கு, தினமும் வரும் போன் சில நேரம் கண்காணிப்பாகவே பட்டது. பேசும் வசதி வந்துவிட்டால் பாசமும் தானே வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

★ ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம். அழைத்துப் பேச நெடுங்காலமாகத் தடை. துபாயில் அப்பா இருக்கும் வீடுகளில், அங்கே அழைத்துப் பேச அனுமதியுள்ள 'போட்டிம்' செயலி இருப்பது அதனால்தான்.

★ 2016-இல் அமெரிக்காவின் ஆசிய வம்சாவளி இளைஞர்கள், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தை வீட்டுப் பெரியவர்களுக்கு விளக்கி ஒரு கடிதம் எழுதினார்கள். இணையத்தில் பகிர்ந்த ஒரே ஆவணத்தில் பலர் சேர்ந்து எழுதியது அது. பிறகு பெற்றோருக்குப் புரியும் மொழிகளில் பெயர்த்தார்கள். என் பார்வையில் இந்தப் பட்டியலிலேயே அழகான செயல் இதுதான். பெற்றோரை ஒதுக்கிவிட்டுப் போகாமல், அவர்கள் மொழியிலேயே அவர்களோடு வாதாடிய பிள்ளைகள் இவர்கள்.

★ தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடக்க காலத்தில் கட்டி எழுப்பியவர்களில் முதன்மையானவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்துக்காரரான அவர் அந்தப் பணியைச் செய்தது ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிய 'மதுரைத் திட்டம்' 1998 பொங்கலன்று தொடங்கியது. முன்னின்றவர் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் காக்கும் 'நூலகம்' இணையத்தளம் 2005-இல் பிறந்தது. டொராண்டோவில் பிறந்த பேத்தி, தாத்தா படித்த இதழை இன்று அதில் தேடிப் பார்க்கலாம்.

★ உங்கள் அண்ணன் பிள்ளையோ அக்கா பிள்ளையோ வெளிநாட்டில் வளர்கிறதா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களோடு பேசிவிட்டு வைத்துவிடாதீர்கள். போனை அந்தப் பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லித் தமிழில் பேசுங்கள். அது தட்டுத்தடுமாறிப் பேசினால் தயவுசெய்து சிரிக்காதீர்கள்.