உபகாரமா, உரிமையா?

பென்ஷனுக்கு நம்மவர் நெடுங்காலம் வழங்கிய பெயர் 'உபகாரச் சம்பளம்'. உழைத்தவனுக்குச் சேர வேண்டியது உபகாரமாம்! பெயர் மறைந்துவருகிறது, புத்தி மறையவில்லை.

1979-இல் மத்திய சர்க்கார் பென்ஷன் கணக்கைத் தாராளமாக்கிற்று. அதுவரை கடைசி 36 மாதச் சம்பளத்தின் சராசரி. இனி 10 மாதச் சராசரி. உச்சவரம்பும் உயர்ந்தது. ஆனால், அவ்வாண்டு மார்ச் 31-க்கு முன் ஓய்வு பெற்றவருக்கு இது கிடையாதென்றார்கள். பிப்ரவரி முடிவில் வீட்டுக்குப் போனவர் ஏமாளி. மார்ச் முடிவில் போனவர் பாக்கியசாலி! மளிகைக்கடைக்காரர் ஓய்வு பெற்ற தேதியைக் கேட்டா பருப்புக்கு விலை சொல்கிறார்?

1972-இல் ஓய்வு பெற்ற நகரா முதலியோர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1982 டிசம்பர் 17-இல் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். எழுதியவர் நீதிபதி தேசாய். அந்தத் தேதிக்கோடு அரசியல் சட்டத்தின் 14-ஆவது ஷரத்து தரும் சமத்துவத்துக்கு விரோதம். பென்ஷன் எஜமானர் தயவல்ல, உரிமை என்றார்கள். பழைய பாக்கி கிடைக்கவில்லை. ஆயினும் கோடு அழிந்தது. அந்நாளையே பென்ஷன்தாரர் தினமாகக் கொண்டாடுகின்றனர்.

அழிந்த கோட்டை மீண்டும் போட இடம் தேடியிருக்கிறார்கள்! பென்ஷன்தாரரை வகை பிரிக்கவும், ஓய்வு பெற்ற தேதியைக் கொண்டு வேற்றுமை காட்டவும் சர்க்காருக்கு அதிகாரமுண்டென்று 2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில், பின்தேதியிட்டு எழுதிக்கொண்டார்கள். பழைய ஏற்பாட்டை உறுதிசெய்வதே நோக்கம் என்று பார்லிமெண்டில் சமாதானமும் சொன்னார்கள்.

நாம் கேட்கிறோம்: வேற்றுமை காட்டும் எண்ணம் இல்லையென்றால், வேற்றுமை காட்டும் அதிகாரம் எதற்கு?