மைத்தடமும் வழக்குமன்றமும்

மனத்தை அளக்க இயலுமா என்பது பழைய வினா. அளந்து கண்டதைச் சான்றாக வைத்து ஒருவரின் விடுதலையையும் பிள்ளையையும் புகலிடத்தையும் முடிவு செய்யலாமா என்பது இருபதாம் நூற்றாண்டு எழுப்பிய வினா. இந்த இரண்டாம் வினாவோடு நெடுங்காலமாகப் பிணைந்து வருவது ரோர்ஷாக் மைத்தடச் சோதனை. அதன் வரலாற்றைத் தொடர்ந்து பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். விடை தந்தவர் யாரென்று அறிந்திருக்கும்போது மைத்தடங்கள் எல்லாவற்றையும் பற்றிப் பேசுகின்றன. பெயரை மறைத்துவிட்டால் சிலவற்றைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. அந்தச் சில எவை என்று பிரித்தறியாமல் அச்சோதனையை மன்றத்துக்குள் விடுவது அறமாகாது.

பத்து அட்டைகள்

ஸ்விட்சர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் ஹெர்மன் ரோர்ஷாக், ஓவிய ஆசிரியர் ஒருவரின் மகன். ஹெரிசாவ் நகர மருத்துவமனையில் பணியாற்றுகையில், மைத்தட வடிவங்களைத் தாமே ஆக்கித் திருத்தி, நோயாளிகளும் நலமுற்றோருமாக 405 பேருக்குக் காட்டி ஆராய்ந்தார். கண்டவற்றை 1921இல் நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரலில், குடல்வால் அழற்சி முற்றி, 37ஆம் வயதிலேயே மறைந்தார். மனிதரின் கற்பனை வளத்தை அளப்பது அவர் நோக்கமன்று. கண்ணெதிரே உள்ளதை மனம் எவ்வாறு பற்றிக்கொள்கிறது என்பதையே அவர் ஆராய்ந்தார். அந்த ஆய்வும் தொடக்க நிலையிலேயே நின்றுபோயிற்று.

அட்டைகள் பத்து. ஐந்து கருமையும் சாம்பல் நிறமும் கொண்டவை. இரண்டில் சிவப்பும் சேர்ந்திருக்கும். எஞ்சிய மூன்றும் பல வண்ணத்தவை. உளவியலர் அட்டையைக் கையில் கொடுத்து, "இது என்னவாக இருக்கலாம்?" என்று மட்டும் கேட்பார். ஐந்தாம் அட்டையைப் பார்ப்போர் பெரும்பாலும் வௌவால் என்றோ வண்ணத்துப்பூச்சி என்றோ சொல்வர். மூன்றாம் அட்டையில் எதிரெதிரே குனிந்து நிற்கும் இரு மனிதரைக் காண்போர் பலர். எட்டாம் அட்டையின் இரு ஓரங்களிலும் நாற்கால் விலங்கு ஒன்று ஏறிச் செல்வது போலிருக்கும். சொல்லும் சொற்கள் அனைத்தும் அப்படியே எழுதிக்கொள்ளப்படும். பிறகு இரண்டாம் சுற்று தொடங்கும்: அதை எங்கே கண்டீர்கள், எதனால் அவ்வாறு தோன்றியது? முழுத் தடத்தைக் கொண்டு சொன்னாரா ஒரு பகுதியைக் கொண்டா, அவரை ஈர்த்தது உருவமா நிறமா அசைவா, சொன்ன பொருள் தடத்தின் வடிவோடு பொருந்துகிறதா என்று ஒவ்வொரு விடைக்கும் குறியீடு இடப்படும். குறியீடுகளைக் கூட்டியும் வகுத்தும் பெறும் எண்களிலிருந்து ஆளுமை அறிக்கை எழும்.

ரோர்ஷாக் மறைந்தபின் அமெரிக்காவில் இச்சோதனை பல்கிப் பெருகிற்று. புரூனோ கிளாப்பர், சாமுவேல் பெக் முதலியோர் தத்தமக்கென வெவ்வேறு குறியீட்டு முறைகளை வகுத்தனர். ஒரே விடைக்கு ஒருவர் ஒரு பொருளும் மற்றவர் வேறு பொருளும் கண்டனர். ஜான் எக்ஸ்னர் 1974இல் இம்முறைகளைத் தொகுத்து ஒரே ஒழுங்குமுறை ஆக்கினார். மன்றத்தில் சோதனைக்கு மதிப்புத் தேடித் தந்தது அந்த ஒழுங்குமுறைதான்.

நூரம்பர்க் சிறை

அதற்கு முன்பே, வரலாற்றின் மிகப்பெரிய குற்ற வழக்கொன்றின் நிழலில் மைத்தடங்கள் விரிக்கப்பட்டன. 1945இல் நூரம்பர்க் சிறையில் நாட்சித் தலைவர்கள் விசாரணைக்குக் காத்திருந்தபோது, மனநல மருத்துவர் டக்ளஸ் கெல்லியும் உளவியலர் குஸ்டாவ் கில்பர்ட்டும் அவர்களுள் பலருக்கு இச்சோதனையை நடத்தினர். அத்தலைவர்களுள் ஒருவரான ஹெர்மன் கோரிங்கை இருவருமே சோதித்தனர். கெல்லிக்கு மொழிபெயர்ப்பாளர் துணை வேண்டியிருந்தது; கில்பர்ட் செருமன் மொழி அறிந்தவர்.

முடிவில் இருவரும் எதிரெதிர்த் திசையில் நின்றனர். இத்தகையோர் எந்த நாட்டிலும் தோன்றக்கூடியவர்களே என்றார் கெல்லி. இவர்கள் திரிந்த ஆளுமை உடையவர்கள் என்றார் கில்பர்ட். உளவியலர் மாலி ஹாரோவர் அப்பதிவுகளை வல்லுநர் பலருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். ஒருவரும் அறிக்கை தரவில்லை. முப்பது ஆண்டுகள் கழிந்து, 1975இல் மியேல், செல்சர் என்ற இருவர் அப்பதிவுகளை ஆராய்ந்து, அவற்றில் கொடுமனத்தின் தடயங்கள் நிறைந்துள்ளன என்று நூல் எழுதினர். அவர்கள் யாருடைய விடைகளைப் படிக்கிறோம் என்று அறிந்தே படித்தவர்கள்.

அடுத்த ஆண்டு ஹாரோவர் வேறு வழியில் முயன்றார். நாட்சியர் பதிவுகளைச் சமயகுருமார், மனநலப் புறநோயாளிகள் ஆகியோரின் பதிவுகளோடு கலந்து, பெயர்களை நீக்கி வல்லுநர்களிடம் கொடுத்தார். எவை நாட்சியருடையவை என்று அவர்களால் பிரித்துக் காட்ட முடியவில்லை. பெயர் தெரிந்தபோது பக்கந்தோறும் தெரிந்த கொடுமை, பெயர் மறைந்தபோது தானும் மறைந்துவிட்டது.

முப்பதின்மரும் முப்பதின்மரும்

இதே முறையை அமெரிக்க உளவியலர் எவலின் ஹூக்கர் முன்பே கையாண்டிருந்தார். தன்பாலீர்ப்பு அன்று நோயென்றும் குற்றமென்றும் கருதப்பட்டது. மைத்தடங்களில் அது வெளிப்படும் என்பது துறையினரின் பரவலான நம்பிக்கை. ஹூக்கர் தன்பாலீர்ப்புடைய ஆடவர் 30 பேரையும், எதிர்பாலீர்ப்புடைய ஆடவர் 30 பேரையும் வயது, கல்வி, அறிவுத்திறன் ஆகியவற்றால் இணைசேர்த்துச் சோதித்தார். பதிவுகளில் அடையாளம் எதையும் விடாமல் நீக்கிக் கிளாப்பர் உள்ளிட்ட வல்லுநர்களிடம் ஒப்படைத்தார். துறையின் மூத்த ஆசிரியரான கிளாப்பராலும் இரு சாராரையும் பிரித்தறிய இயலவில்லை. குருட்டாம்போக்கில் சொன்னாலும் அவ்வளவு சரியாக வந்திருக்கும். 1957இல் வெளிவந்த அக்கட்டுரை, தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் நீக்குவதற்கு வழிவகுத்த ஆய்வுகளுள் ஒன்று.

அவ்வாறாயின், பிரித்தறிய முடியும் என்று தேர்ந்த உளவியலர்கள் உறுதியாக நம்பியது எதனால்? லோரன் சாப்மனும் ஜீன் சாப்மனும் 1969இல் இதற்கு விடை கண்டனர். தன்பாலீர்ப்புடையோர் என்னென்ன விடைகள் தருவர் என்று உளவியலர்களைக் கேட்டபோது, பெண்டிர் உடை, பிட்டம் போன்ற விடைகளையே அவர்கள் அடையாளங்களாகக் குறித்தனர். ஆய்வு ஓரளவு உறுதிப்படுத்திய வேறு குறிகளோ, பார்வைக்கு இயல்பாகப் பொருந்தாதவை ஆதலால், பட்டியலில் அரிதாகவே இடம்பெற்றன. அடுத்து, இத்துறையை அறியாத மாணவர்களிடம், விடைகளுக்கும் அவற்றைத் தந்தோரின் இயல்புகளுக்கும் எத்தொடர்பும் இல்லாதவாறு கலைத்துப் போட்ட அட்டைகளைக் காட்டினர். இல்லாத தொடர்பை அம்மாணவர்களும் கண்டனர். உளவியலர்கள் பட்டறிவால் கண்டதாகச் சொன்ன அதே தொடர்பைத்தான் கண்டனர். பல்லாண்டுப் பட்டறிவு என்று மன்றத்தில் மதிக்கப்படுவது, எதிர்பார்ப்பின் எதிரொலியாகவும் இருக்கக்கூடும் என்பது இதனால் நிறுவப்பட்டது.

மன்றத்தின் வாயில்

அமெரிக்க நீதிமன்றங்களில் இச்சோதனை நுழைந்த வழி அகன்றது. குற்றம் புரிந்தவரின் மனநிலை, தண்டனையின் அளவு, விடுவித்தால் தீங்கு நேருமா என்ற ஐயம், மணமுறிவில் பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற பிணக்கு என எங்கெங்கும் உளவியலரின் அறிக்கை கேட்கப்பட்டது. 93 உளவியலர்கள் தாம் சான்றளித்த வழக்குகளைப் பற்றித் தந்த கணக்கு 1996இல் வெளியாயிற்று. ஏறத்தாழ 8,000 வழக்குகளில், சோதனையின் தகுதியை எதிர்த்தரப்பு கேள்விக்குள்ளாக்கியவை ஆறு. மன்றம் ஏற்க மறுத்தது ஒன்றே ஒன்று. சோதனை தகுதியானது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டினர். அதை எவரும் உரசிப் பார்க்கவில்லை என்பதற்கும் இதுவே சான்று.

உரசிப் பார்க்கும் கல்லை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1993இல் டாபர்ட் வழக்கில் தந்தது. ஒரு முறை ஆய்வுக்கு உட்படுத்தத் தக்கதா, துறையறிஞர் மதிப்பீட்டைக் கடந்ததா, அதன் பிழையளவு என்ன, துறையினர் ஏற்கின்றனரா என நடுவர் கேட்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஜேம்ஸ் வுட், ஸ்காட் லிலியன்ஃபெல்ட், ஹோவர்ட் கார்ப் முதலியோர் இக்கேள்விகளோடு எக்ஸ்னர் முறையை அணுகினர். 1999இல் கலிபோர்னியாவில் நோயற்ற 123 பேரைச் சோதித்த ஆய்வொன்று வந்தது. அவர்களுள் ஏறத்தாழ ஆறில் ஒருவர் மனச்சிதைவுக் குறியெண்ணில் நோய் எல்லைக்குள் விழுந்தனர். ஒன்றும் வைக்காதபோதே தட்டுத் தாழ்ந்து நிற்கும் தராசைக் கடைத்தெருவும் ஏற்காது, மன்றம் ஏற்றுவந்தது. கார்ப் அவ்வாண்டே மருத்துவமனையிலும் மன்றத்திலும் இச்சோதனையை நிறுத்திவைக்கக் கோரினார்.

பிள்ளைப் பொறுப்பு வழக்கில் இதன் விளைவு எத்தகையது என்று ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். எட்டாம் அட்டையைப் பக்கவாட்டில் திருப்பினால், விலங்கொன்று நீரோரம் நிற்பதும் அதன் நிழல் நீரில் தெரிவதும் போன்ற தோற்றம் எளிதில் கிடைக்கும். எக்ஸ்னர் முறையில் இது எதிரொளி விடை. தன்னையே பெரிதாக எண்ணும் இயல்பின் குறி. நீர்நிழலைச் சொன்ன தாய், தன்னலம் மிக்கவர் என்ற முத்திரையோடு நடுவர் முன் நிற்க நேரும்.

குற்ற வழக்கிலோ இடர் மறுபுறத்திலிருந்து வரும். மைத்தட விடைகளைப் பொய்யாகப் புனைய முடியாது என்று நெடுங்காலம் நம்பினர். 1980இல் நடந்த ஆய்வில், மனச்சிதைவு நோயைப் பற்றிச் சிறு விளக்கம் பெற்று நடித்தவர்களை, உண்மை நோயாளிகளைவிடக் கூடுதலான அளவில் நோயாளிகள் என்று வல்லுநர்கள் முடிவு செய்தனர். 2009இல் பத்து அட்டைகளும் விக்கிப்பீடியாவில் வெளியாகிவிட்டன. முன்கூட்டிப் பார்த்துப் பயின்றுவர விரும்புவோர்க்கு இன்று தடையேதும் இல்லை.

லக்சம்பர்க் தீர்ப்பு

இத்தனைக்கும் பிறகு, ஹூக்கர் தீர்த்துவைத்த கேள்வி ஐரோப்பாவில் மீண்டும் எழுந்தது. 2015 ஏப்ரலில் நைஜீரியர் ஒருவர் அங்கேரியில் புகலிடம் கோரினார். தாம் தன்பாலீர்ப்பு உடையவர், தாயகம் திரும்பினால் துன்புறுத்தப்படுவேன் என்றார். அவர் கூற்றில் அடிப்படை முரண்பாடு ஏதும் இல்லை என்று குடியேற்ற அலுவலகமே ஒப்புக்கொண்டது. ஆயினும் உளவியலரின் அறிக்கையைக் காட்டி விண்ணப்பத்தைத் தள்ளிற்று. மழையில் நிற்கும் மனிதரை வரையும் சோதனை, சோண்டி சோதனை, ரோர்ஷாக் சோதனை ஆகிய மூன்றின் வழியாகவும் அவர் கூற்றை உறுதிசெய்ய முடியவில்லை என்றது அவ்வறிக்கை.

வழக்கை விசாரித்த அங்கேரியின் செகெட் நகர நீதிமன்றம் இதனை லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் முன் வைத்தது. 2018 சனவரி 25இல் தீர்ப்பு வந்தது. ஒருவரின் பாலீர்ப்பை அறிய இத்தகைய புறத்தேற்றுச் சோதனைகளைப் பயன்படுத்தலாகாது. அது தனிவாழ்வின் மதிப்பில் தலையிடுவது. விண்ணப்பித்தவர் இசைந்தார் என்பதும் போதாது; மறுத்தால் புகலிடம் கிட்டாது என்ற அச்சத்தில் தரும் இசைவு விருப்பத்தின்பாற்பட்டதன்று. வல்லுநர் அறிக்கை கேட்கலாம். ஆனால் அதன் முறை அறிவியல் உலகம் ஏற்கும் அளவுக்கு நம்பத்தக்கதாக இருக்க வேண்டும், அறிக்கையை மட்டும் நம்பி முடிவெடுக்கவும் கூடாது என்றது நீதிமன்றம்.

எஞ்சி நிற்பது

மைத்தடங்கள் முற்றிலும் வெறுமை என்று முடிவுகட்டுவதும் பிழை. ஜோனி மிகுரா குழுவினர் 2013இல் எக்ஸ்னர் முறையின் 65 அளவைகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தனர். தடத்தின் வடிவோடு பொருந்தாத விடைகள், சிந்தனை குலைந்து ஒன்றோடொன்று ஒட்டாத விடைகள் முதலியவற்றைக் கணிக்கும் அளவைகள் உறுதியாக நின்றன. தன்மதிப்பு, தன்னலம் போன்றவற்றைக் காட்டுவதாகச் சொன்ன பல அளவைகளுக்கு ஆதாரம் மெலிந்திருந்தது. வுட் முதலிய மறுப்பாளர்களும் இதை ஏற்று, அறிதலையும் சிந்தனைச் சிதைவையும் பற்றிய அளவைகளின் மட்டில் தங்கள் தடைக் கோரிக்கையை 2015இல் கைவிட்டனர். எக்ஸ்னர் முறையின் குறைகளைக் களையும் நோக்கில் 2011இலேயே புதிய முறையொன்றும் வகுக்கப்பட்டிருந்தது.

இவ்வாறு எஞ்சி நின்றது எது என்று நோக்கினால், ரோர்ஷாக் முதலில் ஆராய்ந்ததே அது: கண்முன் உள்ளதை மனம் ஒழுங்காகப் பற்றுகிறதா, குலைத்துப் பற்றுகிறதா என்பது. குற்றம் நிகழ்ந்த வேளையில் ஒருவர் என்ன எண்ணினார், நல்ல தாயா, யாரை விரும்புகிறார் என்பன பின்வந்தோர் அதன்மேல் ஏற்றிய சுமைகள். மருத்துவர் ஒரு கணிப்பில் தவறினால் அடுத்த சந்திப்பில் திருத்திக்கொள்வார். தீர்ப்பு எழுதப்பட்டபின் அவ்வாய்ப்பு அரிது. ஆகவே மைத்தட அறிக்கையோடு கூண்டேறும் வல்லுநரிடம் குறுக்கு விசாரணையில் இரண்டு கேள்விகள் தவறாமல் கேட்கப்பட வேண்டும். இம்முடிவை எந்த அளவையிலிருந்து பெற்றீர்கள்? விடை தந்தவர் யாரென்று அறியாத இன்னொருவர் அதே தாள்களைப் படித்தால் இம்முடிவுக்கு வருவாரா? இரண்டாவதற்கு உறுதியான விடை தர இயலாத அறிக்கை, வழக்கின் ஆவணங்களில் இடம்பெறத் தக்கதன்று.